இரண்டு மாத்திரை

பாயான் லெப்பாஸ். பணியாளர் பிரிவு, இரண்டாம் கவுண்டர்.
கண்ணாடியில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை.
குரல் நுழைய அது போதாது.

இரவு ஷிஃப்ட் முடிந்து
தலையில் நீல வலைக்குல்லாயோடு வந்து நின்றாள்
நிலார் வின், மியன்மார், நான்காவது லைன்.
"ஐ லீ" என்றாள்.

லீயா? சூப்பர்வைசர் லீ மேல்மாடியில் என்று
விரலை உயர்த்தினேன்.
"நோ, நோ. ஐ லீ. ஹியர்."

அவர்கள் இங்கிலீஷ் பேசும்போது
சொல்லின் கடைசி மெய்
வாசலில் செருப்பைப்போலக் கழன்றுவிடும்.
அந்த 'வ்'வை நானே எடுத்து மாட்டினேன்.
மாட்டிய பிறகுதான் சிக்கல்:
குறிலா, நெடிலா?

நமக்கு இது புதிதா?
ஒரு மாத்திரை குறைந்தால் கால் கல்லாகிவிடும் வீட்டில்
பிறந்தவள் நான்.
இங்கிலீஷில் குறில் என்றால் இருக்கிறாள்,
நெடில் என்றால் போகிறாள்.
தமிழில் தலைகீழ்.
விடு என்பது குறில்.
அதையே கொஞ்சம் நீட்டினால்
வீடு.

(மிஸ் ஊய்யிடம் இதை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
"தமயந்தி, யூ திங் டூ மச்" என்றாள்,
அந்த டூவை நாலு மாத்திரைக்கு இழுத்து.)

மலாயில் கேட்டேன்: "திங்கால்?"
முகம் மலர்ந்து "திங்கால், திங்கால்" என்றாள்.
தெளிந்துவிட்டது என்றா நினைக்கிறீர்கள்?
குடியிருப்பதும் திங்கால்.
விட்டுப் போவதும் திங்கால்.
முன்னால் ஓர் ஒட்டு ஏறினால்
செத்துப்போவதும் அதே வீட்டுப் பிள்ளைதான்.

ஆகவே பழகிய பக்கமே சாய்ந்தேன்.
இருபத்திரண்டு வருடமாய் இந்த ஓட்டைக்குள்
நீளும் கைகள் எல்லாம் லீவ் கேட்டவை:
காய்ச்சல், தைப்பூசம், தம்பிக்குக் கல்யாணம்,
காரணம் எழுத முடியாத காரணங்கள்.
லீவ் எனக்குத் தமிழ்ச் சொல்தான்.
"நாளைக்கு லீவ்!" என்று பள்ளி மைதானத்தில் கத்தியபோது
அதற்குள் ஒரு 'போ' உட்கார்ந்திருந்தது
யாருக்குத் தெரிந்தது?

பச்சை ஃபாரத்தை நீட்டினேன்.
நெடுநேரம் படித்தாள்.
பேனா கேட்டாள், பெஞ்சில் உட்கார்ந்தாள்.
வெளியே ஆஸ்டல் பஸ் ஹார்ன் அடித்தது,
இன்னொரு முறை அடித்தது, கிளம்பியது.
அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.
பஸ்ஸை விட்டுவிட்டாளே என்று
நான்தான் பதறினேன்.

திரும்பி வந்த ஃபாரத்தில்
எத்தனை நாள்: காலி.
எந்தத் தேதி முதல்: காலி.
காரணம்: காலி.
தலைப்பில் மட்டும் கை வைத்திருந்தாள்.
பெரிய எழுத்தில் அச்சடித்த லீவின் நடுவே
இரண்டு எழுத்துகளை அடித்துவிட்டு
மேலே ஒற்றைக் குச்சி.
குச்சியின் தலையில் ஒரு புள்ளி,
தாள் பொத்துப்போகும் அழுத்தத்தில்.
அடியில், மூலையில்,
சுங்கை ஆரா, பிளாக் ஏழு, நான்காம் மாடி,
கதவு எண்ணும்.

ஆஸ்டலில் இல்லை இப்போது.
இங்கே இருக்கிறேன்.
அவ்வளவுதான் சொல்ல வந்திருக்கிறாள்,
எட்டு மணிநேரம் நின்ற காலோடு.

நம் எழுத்தில் தலைமேல் புள்ளி வைத்தால்
உயிர் இறங்கிப்போய் மெய் மட்டும் நிற்கும்.
இவள் புள்ளி வைத்தாள்,
உயிர் வந்து ஏறிக்கொண்டது.

கணினியில் விலாசத்தை மாற்றினேன்.
"லிவ்" என்று ஒருமுறை சொன்னேன், குறிலாக.
அவளும் சொன்னாள்: "லீ."
சரிதான் என்று தலையாட்டினேன்.

அடித்தல் திருத்தல் உள்ள ஃபாரம் செல்லாது, கிழிக்க வேண்டும்.
கிழிக்கவில்லை. மேசை இழுவையில்
பெனடோல் அட்டைக்கு அடியில் வைத்தேன்.
காலையிலிருந்து தலைவலி.
அட்டையில் இரண்டு மாத்திரை மீதி.
ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு
அடுத்த கையைப் பார்த்தேன்.